எண்ணெய் கூடிப்போன நாள்

ஷார்ஜா ரோலா கடைத்தெருவின் நெரிசலில் நேற்று மாலை என் கையை விட்டுப்போன மகள், வெகுநேரம் தேடியபின் ஒரு பொம்மைக் கடை வாசலில் கிடைத்தாள். இன்று காலை அவள் தலைக்கு விளக்கெண்ணெய் தேய்க்க உட்கார்ந்தேன். அந்த வாசனையில் அப்பா வந்துவிட்டார்.

அப்பா வால்பாறையில் எஸ்டேட் காவலர். லீவரை இழுத்துச் சுடும் ரைஃபிள் ஒன்று அவரிடம் இருந்தது. சுட்டதும் பித்தளைத் தோட்டாக் கூடு சற்று உப்பிவிடும். மருந்து நிரப்பி மறுபடி போட்டால் துப்பாக்கிக்குள் நுழையாது. அதன்மேல் விளக்கெண்ணெயை லேசாகத் தடவி, இரும்பு அச்சுக்குள் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவருவார். எண்ணெய் கூடினால் கூட்டில் குழி விழும். அவர் கையில் அப்படி விழுந்ததே இல்லை.

ஒருநாள் தேயிலைக் காட்டில் வழிதவறி, இருட்டியபின் வீடு சேர்ந்தேன். அம்மா கட்டிக்கொண்டு அழுதாள். அப்பா என்னைப் பார்த்துவிட்டு, அச்சின் முன் போய் உட்கார்ந்தார். என்னைவிடத் தோட்டாதான் அவருக்குப் பெரிது என்று நினைத்தேன். அன்று எல்லாக் கூடும் குழி விழுந்தே வந்தது.

“என்னங்க, எண்ணெயில வடையா போடுறீங்க?” என்றாள் அம்மா. அவர் அடுத்த கூட்டையும் எண்ணெயில் முக்கினார்.

“ஸ்டாப், அப்பா! கழுத்தெல்லாம் ஆயில்!” என்று மகள் கத்தினாள். கிண்ணத்தைப் பார்த்தேன், காலியாக இருந்தது.