அரைக் கோர்ட்டுத் தமிழய்யா

பகலவனுக்கு அப்பா வைத்த பெயரே முதல் கேலி. அவர் பிறந்தது ஐப்பசி அடைமழையில். ஒன்பது நாளாக ஊரில் ஒருவரும் சூரியனைப் பார்த்திருக்கவில்லை. பள்ளி திறந்ததும் முதல் நாள் வகுப்பில் இந்தக் கதையைப் பிள்ளைகளிடம் அவரே சொல்லிவிடுவார். பிறர் சிரிப்பதற்கு முன் நாமே சிரித்துக்கொண்டால் அடி பாதிதான் விழும் என்பது நாற்பத்தெட்டு வயதுக்குள் அவர் உருப்படியாகக் கற்றுக்கொண்ட ஒரே வித்தை.

திருக்காட்டுப்பள்ளிக்குக் கிழக்கே, ஆற்றை ஒட்டிய ஒரு சிற்றூரின் அரசு பெண்கள் மேல்நிலைப்பள்ளியில் அவர் தமிழாசிரியர். பிள்ளைகளுக்கு அவர் தமிழய்யா. பத்தொன்பது வருடமாக ஆண்டு விழா நாடகத்தை எழுதி, பழக்கி, மேடையேற்றுகிறவரும் அவர்தான். அதில் மார்தட்டிக்கொள்ள ஒன்றுமில்லை. ஒரு வருடம் அரசன் தீர்ப்புச் சொல்லும் நேரம் பார்த்து சிம்மாசனத்தின் பிளாஸ்டிக் கால் முறிந்தது. இன்னொரு வருடம் இடைவேளையில் பஜ்ஜி தின்ற புலவரின் தாடி பஜ்ஜியோடு போய்விட்டது. இரண்டு நாடகமும் சோக நாடகம். ஊர் வயிறு வலிக்கச் சிரித்தது.

அப்படிப்பட்டவர் பாஸ்கெட்பால் பயிற்சியாளரானது ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரையான கதைதான். உடற்கல்வி ஆசிரியர் ஓய்வு பெற்று இரண்டு வருடமாக அந்த இடம் காலி. தலைமை ஆசிரியை அகிலாண்டம் ஒரு ஆனி மாதக் காலையில் இவரைக் கூப்பிட்டு, பிள்ளைகளை மேடையில் ஏற்றுகிறவர் மைதானத்தில் இறக்கினால் என்ன என்று கேட்டார். பள்ளிக்குப் பின்னால், ஆற்றுப் பக்கமாக ஒரு சிமெண்ட் கோர்ட் இருந்தது; பழைய மாணவி ஒருத்தி சிங்கப்பூரிலிருந்து பணம் அனுப்பிக் கட்டிக் கொடுத்தது. அதைப் பொதுக் களமாக்கி, ஊர் நெல் காயப்போட விடவேண்டும் என்று ஊராட்சித் தலைவர் அய்யாக்கண்ணு நெருக்கிக்கொண்டிருந்தார். அவருக்கும் பதில் சொல்லியாக வேண்டும். இந்த வருடக் குறுவட்டப் போட்டியில் ஒரு ஆட்டமாவது ஜெயித்தால் கோர்ட் பிள்ளைகளுக்கு. முதல் ஆட்டத்திலேயே தோற்றால் ஆண்டு விழாவோடு கம்பங்களைப் பிடுங்கிவிடலாம். இதுதான் பேச்சு.

பகலவன் அதுவரை பாஸ்கெட்பாலைக் கையால் தொட்டதில்லை. அவருக்குத் தெரிந்தது ஒத்திகை. ஆகவே ஆட்டத்தையும் நாடகமாக எழுதினார். "நிறைமதி இடப்பக்கம் மூன்று அடி நகர்கிறாள். ஃபஹ்மிதா பந்தை வாங்கி, ஒரு கணம் தயங்கி, எறிகிறாள்." இப்படி ஐந்து பக்கம். பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்தார்கள். எதிரணிக்கும் ஒரு பிரதி கொடுக்கவேண்டுமே என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஆனாலும் பிள்ளைகள் நன்றாக ஆடினார்கள். அது இவரால் அல்ல, இவரையும் மீறி. அணித்தலைவி ஃபஹ்மிதா பிளஸ் டூ; எட்டிப் பிடிக்கும் நீளக் கைகள். அவளுக்கு இதுதான் கடைசி வருடம், பள்ளியை விட்டுப் போகுமுன் ஒரே ஒரு ஆட்டம் ஜெயிக்கவேண்டும் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பதினொன்றாம் வகுப்பு நிறைமதி பந்தைப் பிடித்தால் விடமாட்டாள். அவர்கள் ஓடுவதைப் பார்க்கும்போது பகலவனுக்குத் தன் ஐந்து பக்கத்தின்மேலேயே ஒரு நம்பிக்கை வந்தது. மனிதனுக்கு மமதை எந்த வழியாக வரும் என்று சொல்ல முடியாது.

புரட்டாசி பிறந்தது. குறுவை அறுப்போடு மழையும் வந்தது. பகலவனுக்கும் அஞ்சு மா, அதாவது ஒன்றரை ஏக்கருக்குச் சற்று மேல், நிலம் உண்டு. அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் ஈரம் அதிகம், காயவைத்துக் கொண்டுவாருங்கள் என்று திருப்பிவிட்டார்கள். வீட்டு மாடி ஒரு பாய் அகலம். ரோட்டில் இடம் பிடிக்க அடிதடி. அவர் மனைவி கனகா நிதானமாக ஒரு கேள்வி கேட்டாள்.

"ஊர்லயே நல்ல சிமெண்ட்டுத் தளம் உங்க பொறுப்புலதானே இருக்கு?"

இரண்டே நாள், அதுவும் பாதிக் கோர்ட் மட்டும் என்று பகலவன் தன் மனசாட்சியோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டார். வேலியே பயிரை மேய்ந்தது. மூன்றாம் நாள் காலையில் அவர் நெல்லுக்குப் பக்கத்தில் நிறைமதியின் அப்பா நெல் கிடந்தது. அதற்கு மறுநாள் இன்னும் இரண்டு வீட்டு நெல். யாரைப் போய்க் கேட்பது? தமிழய்யாவே காயப்போட்டிருக்கிறாரே என்று எல்லோரும் சொன்னார்கள். இரண்டு நாள் மூன்று வாரமானது. கோர்ட் பள்ளிக்குப் பின்னால் இருந்ததால் அகிலாண்டம் கண்ணில் அது படவே இல்லை.

பிள்ளைகள் முகம் சுளிக்கவில்லை. மீதிப் பாதியில், ஒரு கம்பத்தை வைத்துக்கொண்டு பழகினார்கள். எல்லாம் விவசாயம் செய்கிற வீட்டுப் பிள்ளைகள். ஃபஹ்மிதாவின் மாமா அரிசி வியாபாரி. ஷூக் காலோடு நெல்லை மிதிப்பதாவது? பந்து நெல்லுக்குள் உருண்டால் ஒருத்தி ஷூவைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு பூப்போல நடந்து போய் எடுத்து வருவாள். நாளாக ஆக, நடுக்கோட்டுக்கு வந்தால் அவர்கள் கால்கள் தாமாகவே நின்றன. பகலவன் அதைப் பார்த்தார். என்ன ஒழுக்கம் என்று மகிழ்ந்துகூடப் போனார்.

போட்டி திருக்காட்டுப்பள்ளியில் நடந்தது. எதிரணி தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்தது. ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம் ஆகவில்லை, எதிரணி எறிந்த பந்து வளையத்தில் பட்டுத் தெறித்தது. நிறைமதி துள்ளிப் பிடித்தாள், திரும்பினாள், அழகாக அதே வளையத்தில் போட்டாள். மூன்று வாரமாக அவள் கண்ணுக்குத் தெரிந்தது ஒரே வளையம்தான். அது தங்கள் அணி காக்கவேண்டிய வளையம் என்று அவளுக்கு உறைக்குமுன் எதிரணிக்கு இரண்டு புள்ளி எழுதிவிட்டார்கள்.

அதன் பிறகுதான் பெரிய கூத்து. பந்தோடு ஓடிவரும் பிள்ளைகள் நடுக்கோட்டில் வந்து நின்றார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கமே பந்தை ஒருத்திக்கொருத்தி கொடுத்துக்கொண்டார்கள். எட்டு வினாடிக்குள் பந்து கோட்டைத் தாண்டவேண்டும் என்பது விதி. நடுவர் ஊதினார். மறுபடி வந்தார்கள், மறுபடி நின்றார்கள், மறுபடி ஊதினார். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர், அந்தக் கோட்டில் கரண்ட் எதுவும் பாய்கிறதா என்று கேட்டார். இடைவேளையில் பத்தொன்பதுக்குப் பூஜ்யம்.

ஏன் நிற்கிறார்கள் என்று அந்தக் கூட்டத்தில் பகலவன் ஒருவருக்குத்தான் தெரியும். அவருக்கு அழுகை வந்தது. விசிலை வாயில் வைத்துச் சமாளித்தார். ஐந்து பேரையும் கூப்பிட்டு, ஐந்து பக்கத்தையும் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"அந்தப் பக்கம் நெல்லு இல்லம்மா. மிதிங்க."

ஃபஹ்மிதா அவரைப் பார்த்தாள். பிறகு தன் ஷூவைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்தது. இரண்டாம் பாதியில் அவர்கள் ஆடிய ஆட்டத்தை அந்த மைதானம் மறக்காது. எதிரணி ஒன்பது புள்ளி எடுக்க, இவர்கள் பதினாலு எடுத்தார்கள். மொத்தத்தில் இருபத்தெட்டு, பதினாலு. தோற்றுவிட்டார்கள். ஃபஹ்மிதா பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பியபடியே ஊர்வரை வந்தாள். பகலவன் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்து வந்தார்.

மறுநாள் அகிலாண்டம் காரணம் கேட்டார். பிள்ளைகளுக்குக் கூட்டம் புதுசு என்றார் பகலவன். பஸ் பயணக் களைப்பு என்றார். காற்றைக்கூடக் கொஞ்சம் குறை சொன்னார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மாதிரி நெல்லைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. பிள்ளைகளும் ஒருத்திகூடக் காட்டிக்கொடுக்கவில்லை. அதுதான் அவரை அறுத்தது.

ஆண்டு விழா மாசியில் வந்தது. அவர் வழக்கம்போல நாடகம் எழுத உட்கார்ந்தபோது ஃபஹ்மிதா வந்து, இந்த வருடம் நாங்களே போடுகிறோம் அய்யா, நீங்கள் முன்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள் என்றாள். சரி, கணக்குத் தீர்க்கப்போகிறார்கள், தகும் என்று பகலவன் தன்னையே தேற்றிக்கொண்டார்.

சாயங்காலம் பந்தல் நிறைய ஊர். முன்வரிசையில் அகிலாண்டம், அவர் பக்கத்தில் அய்யாக்கண்ணு. கம்பத்தைப் பிடுங்கும் அறிவிப்பு அவர் சட்டைப்பையில் மடித்த தாளாக இருந்தது. திரை விலகியது. வயிற்றில் தலையணை கட்டி, கழுத்தில் விசில் தொங்க, ஃபஹ்மிதா பகலவனாக நடந்து வந்தாள். பந்து எறியப்போன நிறைமதியை நிறுத்தி, இன்னும் கொஞ்சம் உருக்கமாக எறியச் சொன்னாள். பந்தல் அதிர்ந்தது. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் பகலவன்தான். இதுவரை சரி, இது அவருக்குப் பழகிய அடி.

பிறகு மேடையில் நெல் மூட்டை வந்தது. அவர் சிரிப்பு நின்றது. நிறைமதி மேடையின் விளிம்புக்கு வந்து கூட்டத்தைப் பார்த்துப் பேசினாள்.

"நெல்லு எங்க வீட்டுது. அய்யா வேணாம்னுதான் சொன்னாரு. நாங்கதான் கேக்கல."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். கேலி செய்திருந்தால் கைதட்டியிருப்பார். தன்னைக் காப்பாற்ற அந்தப் பிள்ளை ஊர் முன்னால் பொய் சொன்னது பொறுக்கவில்லை. எழுந்தார். பக்கப்படியில் ஏறும்போது வேட்டி ஆணியில் மாட்டியது. அதை இழுத்துக்கொண்டே போய் மேடை நடுவில் நின்றார்.

"பொய் சொல்லாதம்மா. மொத மூட்டை என்னுது."

நாடகத்தின் அடுத்த கட்டம் என்று நினைத்துக் கூட்டம் விசிலடித்தது. அவர் மறுபடி சொன்னார். இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். பத்தொன்பது வருட நாடகத்தில் அவருக்குக் கிடைத்த முதல் கைதட்டல், அதுவும் நாடகம் இல்லாத ஒரு பேச்சுக்கு. கடைசியில் பெண்கள் பக்கத்திலிருந்து கனகா எழுந்து நின்றாள்.

"அவரு சொல்றது நெசந்தாங்க. எங்க நெல்லுதான். போடச் சொன்னது நானு."

அதன் பிறகுதான் பந்தல் அடங்கியது. கோர்ட்டில் நெல் காயப்போட்ட மற்ற வீட்டுக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். அகிலாண்டம் உட்கார்ந்த இடத்திலிருந்தே, முழு கோர்ட்டும் இருந்திருந்தால் பிள்ளைகள் ஜெயித்திருப்பார்களா என்று கேட்டார்.

"தெரியலங்க மேடம்," என்றார் பகலவன். "முழுசாக் குடுத்துப் பாக்கவே இல்லையே."

அய்யாக்கண்ணு பேச எழுந்தார். சட்டைப்பைக்குப் போன கை திரும்பி வந்துவிட்டது. கல்வியின் மேன்மை பற்றி ஐந்து நிமிடம் பேசி, உட்கார்ந்துவிட்டார். திங்கட்கிழமை காலை வழிபாட்டில், இனிமேல் கோர்ட்டில் ஒருவர் நெல்லும் கிடக்கக் கூடாது, தமிழய்யா நெல் உள்பட என்று அகிலாண்டம் அறிவித்தார். பிள்ளைகள் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவரும் பின்னால் திரும்பி யாரையோ பார்ப்பதுபோலப் பார்த்தார்.

அந்த வருடச் சம்பா நெல்லை அவர் ரோட்டோரத்தில் காயவைத்தார். ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் குடையைப் பிடித்துக்கொண்டு ஆடு விரட்டினார். போகிற வருகிறவர்கள் எல்லாம் ஆட்டம் எத்தனைக்கு எத்தனை என்று விசாரித்தார்கள். ஆடுகள் முன்னிலை என்று பதில் சொன்னார்.

ஒரு சாயங்காலம் கோர்ட் பக்கம் போனார். பரீட்சைக்கு ஒரு வாரம் இருந்தது. ஃபஹ்மிதா எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடவிட்டுக்கொண்டிருந்தாள். இந்தப் பள்ளிக்காக அவளுக்கு இனி ஒரு ஆட்டம் கிடையாது. அவளிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றுதான் பகலவன் வந்தார். நடுக்கோடுவரை வந்தவர், பழக்க தோஷத்தில் நின்று, குனிந்து செருப்பைக் கழற்றப் போனார்.

ஃபஹ்மிதா பந்தைத் தட்டுவதை நிறுத்தாமலே சொன்னாள்.

"நெல்லு இல்லங்கய்யா. மிதிங்க."