கேரட் விளையட்டும், பார்க்கலாம்

அவள் கணவர் ஆலையில் சரக்கைப் பரிசோதிக்கும் வேலையில் இருந்தவர். ஓய்வு பெற்ற மறுநாளே அந்த வேலையை வீட்டுக்குள் தொடங்கிவிட்டார். அடுப்பில் கொதிப்பதைத் திறந்து பார்ப்பார். அலமாரி டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பார். அவள் கடைக்குப் போனால், திரும்பும்வரை ஜன்னலை விட்டு நகரமாட்டார். அடிக்கிற ஆளுமில்லை, குடிக்கிற ஆளுமில்லை. பிறகு யாரிடம் போய் என்னவென்று சொல்லி அழுவது?

ஒருநாள் தையல்கடை முதலாளியம்மா அவளைத் தெருவில் பார்த்து, "ஒரு மிஷின் சும்மாதான் கெடக்கு. நீ வந்தா உனக்குத்தான்" என்றார். கல்யாணத்துக்கு முன்பு அவள் தைத்துக்கொண்டிருந்த கடை அது. அன்று முழுக்க அவள் பாதம் தரையில் தானாக மிதித்துக்கொண்டிருந்தது.

வீட்டில் கேட்டாள். அவர் மாட்டேன் என்று சொல்லவில்லை. மனுஷன் அதில் கெட்டிக்காரர்.

"பின்னாடி கேரட் போட்டிருக்கியே. அது விளையட்டும், அப்புறம் பாக்கலாம்."

அதை அவள் வாக்காகவே எடுத்துக்கொண்டாள், பைத்தியக்காரி. வேர் கோணாமல் இறங்க வேண்டுமென்று விதைக்கும் முன்பே கல் பொறுக்கி, மண்ணை மாவாக உதிர்த்திருந்தாள். இப்போது நெருக்கமாக முளைத்ததை இடைவெளி விட்டுக் கலைத்துவிட்டாள். மண்ணுக்கு மேலே வேரின் தலை தெரிந்தால் பச்சையாகிவிடுமென்று மண் அணைத்து மூடினாள்.

தழை தலையாட்டத் தொடங்கியதும் பரிசோதகர் தோட்டத்துக்கு வந்தார். தினமும் ஒன்றைப் பிடுங்கி, சுண்டுவிரல் வேரை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, மறுபடி குழியில் செருகிவைப்பார். மறுநாள் அது தொங்கிப்போகும்.

"ஏங்க, பிடுங்கினா திரும்பப் பிடிக்காதுங்க."

"வெளஞ்சிருக்கான்னு பாக்க வேணாமா?"

வேலியே பயிரை மேய்ந்தால் யார் என்ன செய்ய? வேண்டுமென்று செய்தாரா என்றால், சத்தியமாக இல்லை. திறந்து பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. வேண்டுமென்று செய்திருந்தால் அவள் சண்டையாவது போட்டிருப்பாள். பாத்தி வழுக்கையாகிக்கொண்டே வந்தது.

முதலாளியம்மா ஆளனுப்பினார்: இன்று வராவிட்டால் மிஷின் வேறொருத்திக்கு.

அவர் சாப்பிட உட்கார்ந்தபடியே, "இந்தத் தடவை வீணாப் போச்சு. மறுபடி விதை போடு. அது விளையட்டும்" என்றார்.

அவள் தோட்டத்துக்குப் போனாள். மிஞ்சியிருந்த ஒரே ஒரு செடியைப் பிடுங்கி, கழுவி, அவர் தட்டில் வைத்தாள். பென்சில் கனம்கூட இல்லை.

"அறுவடை ஆயிடுச்சுங்க. வெளஞ்சது இவ்வளவுதான்."

கத்தரிக்கோலையும் டேப்பையும் பையில் போட்டுக்கொண்டு செருப்பில் காலை நுழைத்தாள். அவர் கேரட்டைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார்.

"சாயங்காலம் டீ யார் போடறது? தூள் எங்க இருக்குன்னு எனக்கு என்ன தெரியும்?"

"தெனமும் தொறந்து பாக்கற டப்பாதாங்க" என்று சொல்லிவிட்டு அவள் தெருவில் இறங்கினாள்.