அத்தான் கட்டிய சுவர்

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அத்தான் முதலில் சுவரைத்தான் விசாரிப்பார். விரலை மடக்கி இரண்டு தட்டு, காதை ஒட்டி வைத்து ஒரு நொடி. பிறகு வீட்டுக்காரரிடம், "நல்ல சுவர்தான். ஆனா நம்ம வீட்டு பேஸ்மென்ட்ல ஒண்ணு இருக்கு பாருங்க..." என்று ஆரம்பிப்பார். என் அக்கா அவசரமாகப் பேச்சை மாற்றப் பார்ப்பாள். நடக்காது.

அவர் பஸ் டிரைவர். வாழ்க்கையில் தன் கையால் கட்டிய ஒரே சுவர் அது. நைட் ட்யூட்டி பார்த்த காலத்தில் பகலில் தூங்குவதற்காகக் கீழ்த்தளத்தை இரண்டாகத் தடுத்து, ஒரு பாதியைத் தன் அறையாக்கிக்கொண்டார். மறுபாதியில் அக்காவின் தையல் மெஷின். "அது ஓடுச்சுன்னா பிணமே எழுந்து உட்காரும், நான் எங்க தூங்கறது?" என்பார். மரச்சட்டம் நிறுத்தி, இருபுறமும் பலகை அடித்தார். ஒரு திருகாணி போதும் என்ற இடத்தில் நான்கு போட்டார். அதிலும் திருப்தி வராமல் பசையையும் தடவினார். வீட்டையே அந்தச் சுவர்தான் தாங்குகிறது என்பது அவர் கட்சி.

பகல் ட்யூட்டிக்கு மாறிய பிறகும் அவர் அந்த அறையை விடவில்லை. விடுமுறை நாளில் சாப்பிட்ட கையோடு கீழே இறங்கிவிடுவார். இந்த நிலையில்தான் அக்கா தையல் வகுப்பு நடத்திவந்த வாடகைக் கூடம் கைமாறியது. மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். எட்டுப் பெண்கள், எட்டு மெஷின்கள், ஒரு வெட்டுமேசை. எல்லாம் கீழ்த்தளத்தில் தாராளமாக அடங்கும், சுவர் மட்டும் இல்லாவிட்டால்.

அக்கா சொன்னபோது அத்தான் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. "வீடு தலையில விழுந்தா யார் பொறுப்பு?" என்று ஒரே போடாகப் போட்டார். அதையும் பார்த்துவிடலாம் என்று அக்கா ஒரு தச்சரை அழைத்து வந்தாள். அவர் மேலே உத்திரங்கள் போகும் திசையைப் பார்த்தார், சுவரின் மேல்விளிம்பைத் தடவினார். "இது எதையும் தாங்கலைங்க. சும்மா தடுப்புதான்" என்றார். அத்தானின் முகம் சுண்டிப்போயிற்று. எனக்கே பாவமாக இருந்தது.

அன்று இரவு சாப்பாட்டு மேசையில் அக்காதான் இறங்கி வந்தாள். "விடுங்க. உங்க சுவர் இருந்துட்டுப் போகட்டும். பொண்ணுங்களை வேற டீச்சர்கிட்ட அனுப்பிடறேன்."

அத்தானின் கை வாய்க்குப் போகாமல் நின்றது. "எந்த டீச்சர்? ஆளை ஒரு தடவை பார்த்துட்டே துணி வெட்டறவ உன்னை விட்டா இந்த ஊர்ல யாரு இருக்கா?"

கேள்வி கோபமாகத்தான் வந்தது. மறுநாள் நான் போனபோது, கட்டிலைத் தானே கழற்றிப் படியேற்றிக்கொண்டிருந்தார்.

சுவரை எடுத்த நாளில் அவர் இருந்த இருப்பைப் பார்க்க வேண்டும். தச்சர் முதல் பலகையை நெம்பினார். பசை விடவில்லை. திருகாணிகளைக் கழற்றக் கழற்ற வந்துகொண்டே இருந்தன. மனிதருக்கு வியர்த்துக் கொட்டியது. "தடுப்புன்னுதான் சொன்னேன், கோட்டைன்னு யாரும் சொல்லலையே. யாருங்க இதைக் கட்டினது?"

"நான்தான்" என்றார் அத்தான். தச்சருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, பேருக்குக் கொஞ்சம் வருத்தமும் தெரிவித்துக்கொண்டார். ஒவ்வொரு பலகையும் அடம்பிடிக்க அடம்பிடிக்க அவர் நெஞ்சு நிமிர்ந்துகொண்டே போனது.

நடுப்பலகை பிளந்ததும் உள்ளிருந்து துணி கொட்டியது. சத்தம் வராமலிருக்க அவர் அந்தக் காலத்தில் அடைத்தவை. எல்லாம் அக்காவின் வெட்டுத் துண்டுகள். நடுவே முழுசாக ஒரு பச்சை வெல்வெட். அக்கா அதை உருவி உதறினாள்.

"இதைத்தானே வீடு பூரா தேடினேன். தெரியாதுன்னீங்களே?"

"வீட்ல தேடினே. சுவர்ல தேடலையே."

அக்கா முறைத்துப் பார்த்தாள். பிறகு சிரிப்பு வந்துவிடவே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கடைசியில் ஒரே ஒரு சட்டம் நின்றது. தச்சர் கடப்பாரையோடு அதை நெருங்க, அத்தான் குறுக்கே கையை நீட்டினார். கடப்பாரையை வாங்கி அக்காவிடம் கொடுத்தார்.

"எனக்கெதுக்குங்க? பழக்கமில்லை."

"உன் கிளாஸ் ரூம். நீதான் திறக்கணும்."

அக்கா நெம்பினாள். அசையவில்லை. இன்னொரு முறை நெம்பினாள். அத்தானின் கை உதவிக்கு நீண்டது. உடனே அதைப் பின்னுக்கு இழுத்து, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அக்கா காலை ஊன்றி, உடம்பின் பலத்தையெல்லாம் கொடுத்துத் தள்ளினாள். சட்டம் முறிந்து விழுந்தது.

நானும் தச்சரும் விழுந்த சட்டத்தைப் பார்த்தோம். அத்தான் அந்தப் பக்கமே திரும்பவில்லை. எங்களைப் பார்த்து, முகவாயைத் தூக்கி, அக்காவைக் காட்டினார்.