இடது காலுக்கு வேலையில்லாத வண்டி

கியர் இல்லாத வண்டியை என் வீட்டுக்காரர் வண்டி என்றே ஒப்புக்கொண்டதில்லை. "அது பொம்மை வண்டி. சாவி குடுத்தா ஓடும்" என்பார்.

அவர் பெயர் மாரிக்கண்ணன். சங்கரன்கோவிலில் ஆக்டிங் டிரைவர் வேண்டும் என்றால் முதலில் அவரைத்தான் சொல்வார்கள். கார் இருக்கும், ஓட்ட ஆள் இருக்காது. அப்படிப்பட்ட வீடுகளுக்குக் கூப்பிட்ட நேரத்தில் போய் ஓட்டிக் கொடுத்துவிட்டு வருவது அவர் வேலை. வாசுதேவநல்லூரில் நெல் லாரிக்குக் கிளீனராக ஏறியபோது மீசை முளைத்திருக்கவில்லையாம். அப்புறம் லாரி, வேன், கல்யாண வீட்டுக் கார் என்று ஓட்டாத வண்டி கிடையாது. பிரசவ வலி எடுத்த பிள்ளையைத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோக வேண்டுமா, "மாரி அண்ணாச்சிக்குப் போனைப் போடுங்க" என்பார்கள். அவர் கிளட்சை எப்போது மிதித்தார், எப்போது விட்டார் என்று பின்சீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியாது. மடியில் சொம்புத் தண்ணீரை வைத்துக்கொண்டு போகலாம்.

எப்போதும் வெறுங்காலில்தான் ஓட்டுவார். செருப்பைக் கழற்றிப் பக்கத்துச் சீட்டுக்குக் கீழே வைத்துவிடுவார். செருப்புப் போட்டால் வண்டி பேசுவது காதில் விழாதாம். கால் வழியாகத்தான் பேசுமாம்.

ஊரார் வண்டியையெல்லாம் ஓட்டியவருக்குச் சொந்தமாக ஒரு கார் கிடையாது. ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிற எங்கள் மகன் பாண்டிராஜுக்கு அது மனக்குறை. இந்தச் சித்திரை பிறந்ததும் போனில் ஆரம்பித்தான்.

"யப்பா, சின்னக் காரா ஒண்ணு எடுப்போம். லோனை நான் பாத்துக்கிடுதேன். ஆனா சி.வி.டி. வண்டியா எடுங்க. கிளட்ச் மிதிக்காண்டாம்."

"அது என்னலே சி.வி.டி.? வியாதிப் பேரு மாதிரி இருக்கு."

"கியருக்குப் பதிலா ரெண்டு கப்பியும் நடுவுல ஒரு பெல்ட்டும்பா. கப்பி விரியும், சுருங்கும். வேகம் தானா கூடும், குறையும். குலுக்கலே இருக்காது."

"பெல்ட்டா? மாவு மில்லுல ஓடுதே, அதா? ஏலே, நான் கார்ல போவணும்னு பாக்கேன். நீ என்னைய மிளகாப்பொடி திரிக்கச் சொல்லுத."

நான் பக்கத்தில் நின்று சிரித்தேன். அன்றைக்குச் சிரிக்க முடிந்தது.

அவர் போய் மெக்கானிக் ஞானதுரையிடமும் கேட்டார். ராஜபாளையம் ரோட்டில் ஷெட் போட்டிருக்கிற பையன். எங்களுக்குத் தம்பி மாதிரி. "டவுனுக்குள்ள நின்னு நின்னு போவதுக்கு அது சொகம்தான் அண்ணாச்சி, இல்லன்னு சொல்லல. ஆனா கியர் வண்டின்னா கிளட்ச் பிளேட்டை நானே மாத்திருவேன். அந்தப் பெல்ட்டுப் பெட்டி மக்கர் பண்ணுச்சுன்னா நம்மளால தொட முடியாது. திருநெல்வேலிக்குத் தூக்கிட்டுப் போவணும்" என்றானாம். இவருக்கு அது போதுமாயிருந்தது. கியர் வண்டிதான் என்று முடிவாயிற்று. மகனும் சரி என்று விட்டுவிட்டான்.

அதற்கடுத்த வாரம் ஒரு ஜவுளிக்கடை முதலாளியின் காரை எடுத்துக்கொண்டு அவர்கள் குடும்பத்தோடு சிவகிரிக்கு ஒரு சடங்கு வீட்டுக்குப் போனார். பொழுது சாயத் திரும்பி வந்தவர் முகம்கூடக் கழுவாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். காபி ஆறி ஆடை படர்ந்தது. மறுநாள் காலையில் சொன்னார்.

"செல்வி, பாண்டி சொன்ன பெல்ட் வண்டியவே எடுப்போம்."

"மாவு மில்லுன்னீங்க?"

"காலத்துக்கு ஏத்த மாதிரி போவண்டாமா?"

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சை நான் கேட்டதே இல்லை. மகன் சொன்னதைத்தானே கேட்கிறார், நல்லதுதானே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

காய்கறி வாங்கிக்கொண்டு வரும்போது ஞானதுரை ஷெட்டிலிருந்து எழுந்து ரோட்டுக்கு வந்தான். கைக்கரியைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றான்.

"மதினி, ஒண்ணு கேப்பேன், கோவிச்சுக்கிடக் கூடாது."

"கேளு தம்பி."

"அந்த ஜவுளிக்கடை வண்டி இங்கனதான் நிக்கி. கிளட்ச் பிளேட் கரிக்கட்டையாக் கிடக்கு. கிளட்ச் மேலயே காலை வச்சுக்கிட்டு ஓட்டினாத்தான் இப்படிக் கருகும். எல் போர்டு மாட்டின பயலுவ செய்யுத வேலை. சிவகிரிக்கு அண்ணாச்சிதான ஓட்டிட்டுப் போனாவ? வேற யாரும் நடுவுல வாங்கி ஓட்டினாங்களா?"

"தெரியலையே."

"பழைய பிளேட்டு, தேஞ்சு போச்சுன்னு முதலாளிட்ட சொல்லிட்டேன். அண்ணாச்சி பேரு கெட்டுரக் கூடாதுல்லா. நீங்க மெதுவாக் கேட்டுப் பாருங்க."

வீடு வரைக்கும் எப்படி வந்தேன் என்று தெரியாது. இவருக்குச் சர்க்கரை வியாதி வந்து வெகுகாலம் ஆகிறது. மாத்திரையை நினைத்தால் போடுவார், மறந்தால் விடுவார். டாக்டரிடம் போனால் வண்டியை விடச் சொல்வார் என்று ஒரு சாக்கு. கால் கிளட்சின் மேல் இருப்பதே தெரியாமல் ஒரு மனிதர் சிவகிரிவரை போய்த் திரும்பியிருக்கிறாரா? பின்சீட்டில் பிள்ளைகள் இருந்தார்களே.

கேட்கத் தைரியம் வரவில்லை. கேட்டால் இல்லை என்று சொல்வார். ஆமாம் என்று சொல்லிவிட்டால் அதைவிடப் பயம்.

வண்டி பார்க்கப் போவதற்கு முன்னால் கோமதி அம்மனைக் கும்பிட்டு, ரத வீதியை வெறுங்காலில் ஒரு சுற்றுச் சுற்றி வருவது என்று நேர்ந்திருந்தோம். உச்சிப் பூஜை முடிந்து வெளியே வரும்போது சித்திரை வெயில் தார் ரோட்டை இளக்கிக்கொண்டிருந்தது. என்னால் முடியவில்லை. கடைகளின் நிழலுக்கு நிழல் தாவினேன். சேலை முந்தானையைக் காலடியில் போட்டு ஒரு நிமிஷம் நின்றேன். "யம்மா தாயே, பொறுக்க முடியலையே" என்று வாய் முணுமுணுத்தது. நிமிர்ந்து பார்த்தால், இவர் நடுரோட்டில் கையைக் கூப்பியபடி, மார்கழிப் பனியில் நடப்பதுபோல நிதானமாகப் போய்க்கொண்டிருந்தார்.

பூக்கடையில் இருந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பாத்தியளா, என்ன பக்தி! அம்மன் அவருக்குக் காலடியில குளுமையப் போட்டிருக்கா."

எனக்கு அதை நம்ப ஆசையாக இருந்தது. அம்மன் நினைத்தால் செய்ய மாட்டாளா? செய்வாள். ஆனால் நான் அவர் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். கிளட்ச் மிதிப்பது இடது கால். வலது காலுக்காவது சுட வேண்டாமா? இரண்டு காலையும் ஒன்றுபோல வைத்து நடந்தார்.

வீட்டுக்கு வந்து காலை நீட்டச் சொல்லிப் பார்த்தேன். இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம். அவர் குனிந்து பார்த்து ஆச்சரியப்பட்டார்.

"உங்களுக்குக் கால் தெரியலையாங்க?"

கொப்புளத்தைத் தடவிக்கொண்டே சொன்னார். "இடது காலு லேசா மரத்த மாதிரி இருக்கு. சிவகிரி போன அன்னைக்குத்தான் எனக்கே புரிஞ்சுது. அதுக்குத்தான செல்வி கியர் இல்லாத வண்டி? அதுல இடது காலுக்குச் சோலியே கிடையாது. சும்மா ஓரமா வச்சுக்கிட வேண்டியதுதான்."

"வலது காலு?"

"அதுக்கு என்ன? நல்லாத்தான் இருக்கு" என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவர் போன் மணி அடித்தாலே கைவேலையைப் போட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வேன். யாரோ வண்டிக்குக் கூப்பிடுகிறார்கள். யார் வீட்டுப் பிள்ளையோ பின்சீட்டில் ஏறப் போகிறது. ஞானதுரையிடம் சொல்லலாம், சொன்னால் ஊருக்கே தெரிந்து இவர் முகத்தை வெளியே காட்ட முடியாமல் போகும். மகனிடம் சொல்லலாம், அப்பனும் மகனும் முகம் முறித்துக்கொள்வார்கள். சொல்லாமல் இருந்தால்? அடுப்படியில் அம்மன் படத்துக்கு முன்னால் நின்று, இன்னைக்கு ஒருநாள் யாரையும் இடிக்காம வந்துரணும் தாயே என்று மட்டும் கேட்பேன். மறுநாள் அதையே கேட்பேன்.

வெள்ளிக்கிழமை திருநெல்வேலி ஷோரூமுக்குப் பஸ்ஸில் போனோம். ரிஸ்வான் அகமது என்று ஒரு பையன் வரவேற்றான். நல்ல பையன். குடிக்கத் தண்ணீர் கொடுத்தான். சின்னக் கார் ஒன்றைக் கண்ணாடி மாதிரி துடைத்து வைத்திருந்தார்கள்.

"ரெண்டே பெடல்தான் சார். பிரேக்கு, ஆக்சிலேட்டர். இடது காலுக்கு இங்க வேலையே கிடையாது. ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லுங்க."

இவர் முகம் மலர்ந்தது. சின்னப் பிள்ளை மாதிரி செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். ரிஸ்வான் பக்கத்தில் உட்கார்ந்தான். நான் பின்னால்.

பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் வண்டி தானாக நகர்ந்தது.

"ஏ, மிதிக்காமலே போவுதே!" என்று சிரித்தார்.

"அப்படித்தான் சார் இருக்கும். இப்ப லேசா மிதிங்க."

மிதித்தார். எஞ்சின் ஒரேயடியாக இரைந்தது. வண்டியோ மெதுவாகத்தான் போனது. சத்தத்தைக் கேட்டுக் காலைத் தளர்த்தினார். தளர்த்திய பிறகு வேகம் கூடிய மாதிரி இருந்தது. மறுபடி மிதித்தார். மறுபடி அதே இரைச்சல்.

"சத்தம் முன்னாலயும் வேகம் பொறத்தாலயும் வரும் சார். சி.வி.டி.ன்னா கொஞ்சம் அப்படித்தான். பழகிரும்" என்றான் ரிஸ்வான்.

இவர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தார். பின்கழுத்தில் வியர்வை ஓடியது. ஊருக்கு வெளியே சின்ன ரோட்டில் திரும்பினோம். தூரத்தில் ஒரு வேகத்தடை. அதை ஒட்டிப் புல்லுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் ரோட்டைக் கடக்க வந்தாள். இவர் பிரேக் போடுவார் என்று காத்திருந்தேன். போடவில்லை. டிரைவருக்கு மேலே மாட்டியிருக்கும் கண்ணாடியில் அவர் முகத்தைத் தேடினேன். முகம் அதில் இல்லை.

குனிந்திருந்தார். ரோட்டைப் பார்க்கவில்லை. கால் எந்தப் பெடலில் இருக்கிறது என்று கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க!" என்று கத்தினேன். ரிஸ்வான் கைப்பிரேக்கை இழுத்தான். அதே நேரம் இவர் காலும் பிரேக்கைக் கண்டுபிடித்தது. நாங்கள் மூன்று பேரும் முன்னால் போய் விழுந்தோம். வண்டி நின்றபோது புல்லுக்கட்டு ரோட்டில் கிடந்தது. அந்தப் பெண் ஓரமாக நின்றாள். ஒன்றும் ஆகவில்லை. அவள் சேலையை உதறிக்கொண்டே திட்டினாள்.

"ஏ மூதி! கண்ணு எங்கல இருக்கு ஒனக்கு?"

இவர் இறங்கிப் போய்ப் புல்லுக்கட்டைத் தூக்கி அவள் தலையில் வைத்துவிட்டார். "தப்புதாம்மா" என்று கும்பிட்டார். அவள் முனகிக்கொண்டே போனாள். அவர் திரும்பி வந்து டிரைவர் சீட்டில் ஏறவில்லை. பின்கதவைத் திறந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"செல்வி, வலது காலும் தெரியல."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கியர் வண்டியில காதாலதான் ஓட்டிட்டு இருந்தேன் போல. எவ்வளவு மிதிக்கேன்னு எஞ்சின் சத்தம் சொல்லிரும். இதுல எஞ்சின் ஒண்ணு சொல்லுது, வண்டி ஒண்ணு செய்யுது. காலைத் தேட வேண்டியதாப் போச்சு." குனிந்து தன் காலைப் பார்த்தார். "போன மாசம் ஒரு பிள்ளைத்தாச்சிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன்லா. அந்தப் பிள்ள பின்னால படுத்துக் கிடந்துச்சு. நான் முன்னால உக்காந்து..."

ரிஸ்வான் முன்சீட்டில் திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தான். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்ட மாதிரி எனக்குத் தோன்றியது. பிறகு அவனே டிரைவர் சீட்டுக்கு மாறி வண்டியைத் திருப்பினான்.

ஷோரூமில் இறங்கியதும் வேறொரு ஆள் ஓடி வந்தான். "சார், சி.வி.டி. பிடிக்கலைன்னா இதே மாடல்ல மேனுவலும் இருக்கு. பாக்கீங்களா?"

"வேண்டாம் தம்பி" என்றார். "ரெண்டுலயும் வலது காலு வேணும்லா."

பஸ் ஏறினோம். மானூர் தாண்டியதும் போனை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு கல்யாண வீட்டுக்கு வண்டி ஓட்ட ஒப்புக்கொண்டிருந்தார். "அண்ணாச்சி, நான் மாரிக்கண்ணன் பேசுதேன். ஞாயித்துக்கிழம வேற ஆளப் பாத்துக்கிடுங்க. இல்ல, காய்ச்சல்லாம் இல்ல. காலு சரியில்ல. இல்ல அண்ணாச்சி, அடுத்த முகூர்த்தத்துக்கும் இல்ல. இனிமே இல்ல." அந்தப் பக்கம் ஏதோ சொன்னார்கள். "சரி, சரி" என்று வைத்துவிட்டார். திங்கட்கிழமை கால் டாக்டரிடம் போவோம் என்றேன். தலையை ஆட்டினார்.

யாரையும் இடிக்காமல் நிறுத்திவிட்டாளே என்று அம்மனை நினைத்துக் கும்பிட்டேன். ஆனால் பயம் என்னை விட்டு இறங்கவில்லை. இனி அவருக்கு என்ன வேலை, இந்தக் காலில் இன்னும் என்ன வரும், கொப்புளம் ஆறுமா, ஆறாதா?

அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பஸ் டிரைவர் கியர் மாற்றும்போதெல்லாம் அவருடைய இடது கால் பஸ் தரையை அமுக்கியது, விட்டது, மறுபடி அமுக்கியது. அது அவருக்குத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை.