தண்டு வலித்தவரின் மீன்

ரொறொன்ரோவில் எங்கள் வோபர்ன் வீட்டுக்கு வருகிறவர்கள் பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் படங்களைப் பார்த்துவிட்டு, நான் பெரிய மீன்பிடிகாரி என்று நினைத்துக்கொள்வார்கள். எல்லாப் படத்திலும் நான்தான் நிற்கிறேன். மழைக்கோட்டு, கம்பளித் தொப்பி, இரண்டு கையிலும் ஏந்திய வெள்ளி நிற ஸ்டீல்ஹெட், காது வரை சிரிப்பு. என் கணவர் ஒரு படத்திலும் இல்லை. படம் எடுத்தது அவர். அந்த மீன்களைப் பிடித்ததும் உண்மையில் அவர்தான். ஆனால் அந்த மீன்கள் பட்ட தூண்டில் தடியை அவர் ஒரு நாளும் கையில் பிடித்ததில்லை.

இதைக் கொஞ்சம் விளங்கப்படுத்த வேண்டும். ஸ்டீல்ஹெட் பெரிய ஏரியில் வளர்ந்து, முட்டையிட ஆற்றில் ஏறி வரும் மீன். பசிபிக் கரையிலிருந்து யாரோ ஒரு காலத்தில் கொண்டுவந்து இந்த ஏரிகளில் விட்டார்களாம். அதைக் கேள்விப்பட்ட அன்று இவர், "அப்ப இதுகளும் எங்களை மாதிரி ஸ்பொன்சரிலை வந்ததுகள்தான்" என்றார். ரொறொன்ரோவிலிருந்து மூன்று மணித்தியாலம் மேற்கே ஓடினால் ஹூரோன் ஏரிக்குப் போகும் ஆறு ஒன்று வரும். அங்கேதான் எங்கள் வள்ளம் ஓடியது. ஓடியது என்று சொல்வதும் பிழை. ஓடாமல் பார்த்துக்கொள்வதுதான் அந்த வள்ளத்தில் வேலையே.

அடி தட்டையான, முன்னும் பின்னும் மேலே வளைந்த வள்ளம். எஞ்சின் கிடையாது. நீரோட்டம் அதைக் கீழே கொண்டுபோகும். தண்டு வலிப்பவர், அதாவது துடுப்புப் பிடிக்கிறவர், நடுவில், போகும் திசையைப் பார்த்தபடி உட்கார்ந்து, போகவிடாமல் பின்னுக்கு வலிப்பார். தண்ணீரைவிட மெதுவாக வள்ளம் இறங்க வேண்டும். முன்னால் இரண்டு தடிகள் தாங்கியில் குத்தியிருக்கும். இரண்டிலும் ஒரே அளவு நூல் கீழ்ப்பக்கமாக விட்டிருக்கும். நூல் நுனியில் பிளக். விரல் அளவு பிளாஸ்டிக் மீன்தான், ஆனால் நீரோட்டம் பட்டால் உயிர் வந்து முங்கிக்கொண்டு தலையை ஆட்டும். வள்ளம் அங்குலம் அங்குலமாக இறங்க, அந்த இரண்டு பிளக்கும் மடுவில் கிடக்கிற மீனின் முகத்துக்கு நேரே இறங்கும். மீன் முதலில் பின்வாங்கும். பின்னும் வாங்கும். மடு முடிகிற இடத்தில், இனிப் பின்வாங்க ஆழமில்லை என்றதும் கோபம் வந்து கடிக்கும். ஆக, பிளக்கை மீனிடம் கொண்டுபோவது துடுப்பு. முன்னால் உட்கார்ந்திருக்கிறவளுக்கு ஒரே ஒரு வேலைதான். சும்மா இருப்பது.

எனக்கு உலகத்தில் வராத வேலை அது ஒன்றுதான்.

நான் தீவுக்காரி. கைத்தூண்டிலோடு வளர்ந்தவள். நூலில் ஏதாவது தட்டினால் என் கை என்னைக் கேளாமலே சுண்டும். பிளக்கில் அப்படிச் சுண்டினால் கதை முடிந்தது. முதல் தட்டு வெறும் தட்டு. மீன் கவ்வித் திரும்பி, தடி வளைந்து தண்ணீரைத் தொடும்வரை கை வைக்கக் கூடாது. அந்த நேரத்தில் தண்டு வலிப்பவர் ஒரு தரம் பலமாகப் பின்னுக்கு வலிப்பார். அதில்தான் தூண்டில் ஊசி மீன் வாயில் ஏறும். முதல் வருடம் முழுக்க நான் மீனின் வாயிலிருந்து பிளக்கைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். இவர் பின்னாலிருந்து, "விடும். விடும். கையை எடும்" என்பார். குரல் உயராது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"பொறுத்தார் பூமி ஆள்வார்."

"எனக்குப் பூமி வேண்டாம். குழம்புக்கு ஒரு மீன் கிடைச்சாலே காணும்."

அவர் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை. மிளகாயும் வெங்காயமும் பார்த்த கண். கடல் என்றால் தலை சுற்றும். ரொறொன்ரோவுக்கு வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரே கட்டடத்தில் இருந்து, பழுதான லிஃப்ற்றுக்குக் காத்து நின்று பழகி, கலியாணம் கட்டிய காலத்திலிருந்தே எனக்கு அது பகிடி. மகள் யூனிவர்சிற்றிக்குப் போன வருடம், வேலையிடத்து நண்பர் ஒருவர் கூட்டிக்கொண்டுபோய் அந்த ஆற்றைக் காட்டியிருக்கிறார். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமலே, "நானொரு போட் வாங்கப்போறன்" என்றார்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "மிளகாய்த் தோட்டக்காரருக்கு வள்ளம் என்னத்துக்கு?"

"தோட்டத்திலை தண்ணி மாறினவன் நான். தண்ணி எங்கை திரும்பும் எண்டு எனக்குத் தெரியும்."

வாய்க்கால் தண்ணீரைப் பாத்தி பாத்தியாகத் திருப்பிவிடுவதைத்தான் அப்படிச் சொல்வார்கள். பகிடிக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஆனால் ஆற்றில் அவர் பார்த்ததை நான் பார்க்கவில்லை. எந்தக் கல்லின் பின்னால் தண்ணீர் இளைப்பாறுகிறது, எங்கே விளிம்பு கட்டி ஓடுகிறது, எல்லாம் அவருக்குத் தானாகத் தெரிந்தது. துடுப்பைத் தண்ணீரில் வைப்பதுகூட மண்வெட்டி வைப்பது மாதிரி, சத்தமில்லாமல் இருக்கும்.

எனக்கு அந்தக் காலங்கள் இப்போது எவ்வளவு வேண்டியிருக்கிறது என்று சொல்லி முடியாது. கார்த்திகை மாதக் குளிர். தடி வளையங்களில் பிடித்த ஐஸை நகத்தால் சுரண்டிய விடியற்காலைகள். பிளாஸ்கில் இஞ்சித் தேத்தண்ணி. ஈயப் பேப்பரில் சுற்றிய முட்டை ரொட்டி. பிளக் ஒரு பக்கம் இழுத்தால் அவர் குறட்டால் அதன் மூக்கு வளையத்தை ஒரு மயிரிழை வளைத்து, வள்ளத்தின் பக்கத்தில் நீந்தவிட்டு, தலையைச் சரித்துப் பார்ப்பார். சரி வந்துவிட்டால் "ம்" என்பார். நாள் முழுக்க அவர் பேசியதைச் சேர்த்தால் ஒரு பேப்பர் துண்டில் எழுதலாம். ஆனால் அந்த ஆறுபோல என்னோடு யாரும் பேசிக்கொண்டிருந்ததில்லை என்று வீட்டுக்கு வரும்போது தோன்றும்.

இரண்டில் ஒன்று பேருக்கு அவருடைய தடி, அதில் விழும் மீனையும் நான்தான் இழுப்பேன். துடுப்பை விட்டால் வள்ளம் கல்லில் ஏறிவிடும். "ஒருக்கா நீங்கள் முன்னுக்கு வாங்கோவன், நான் வலிக்கிறன்" என்று நான் கேட்காத வருடமில்லை. சமமான தண்ணீரில் தேத்தண்ணி குடிக்கும் நேரம் மட்டும் துடுப்பைத் தருவார். "நீர் வலிச்சா ரெண்டு பேரும் ஏரிக்குத்தான் போவம்" என்பார். கடலில் வலிக்கிறவள் போவதற்காக வலிக்கிறவள். நிற்பதற்காக வலிக்க எனக்கு வராது என்பது அவருடைய கட்சி. அது உண்மையும்தான்.

பிறகு அவருடைய வலது தோள் போனது. முந்தின வருட மாரியில் வாசல் படியில் வழுக்கி விழுந்தார். தசைநார் கிழிந்து, ஒப்பரேஷன் நடந்தது. கை ஓரளவு வந்தது, ஆனால் இனித் துடுப்பு என்ற பேச்சே வேண்டாம் என்று பிசியோதெரபிப் பிள்ளை சொல்லிவிட்டாள். இதற்குள் மகள் விட்பியில் புது வீடு வாங்கி, நாங்கள் பிறகு வந்து இருக்கக் கீழ்த்தளத்தை ஒதுக்கியிருந்தாள். அந்த வீடிருக்கும் ஒழுங்கையில் டிரைவ்வேயில் போட் நிறுத்தக் கூடாதாம். "அப்பா, சீரியஸ்லி, இனி உங்களுக்கு உது என்னத்துக்கு? ஜஸ்ற் செல் இற்" என்றாள். அவர் அன்றைக்கே விளம்பரம் போட்டுவிட்டார்.

எனக்குத்தான் நெஞ்சு ஆறவில்லை. இத்தனை வருடம் அந்த வள்ளத்தில் ஏறியவர், ஒரு மீனின் இழுவையையாவது கையில் அறியாமல் அதை விற்பதா?

வாங்க வந்தவர் தமிழ்நாட்டுக்காரர், கொம்பியூட்டர் வேலை, நல்ல மரியாதை. வள்ளத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு உடனே சரி என்றார். நான் குறுக்கே புகுந்தேன். "தம்பி, ஒரு உதவி. நாங்கள் கடைசியா ஒருக்கா ஆத்திலை இறங்குறம். நீங்கள் கீழ்த்துறையிலை ட்ரக்கோடை நிண்டு, அங்கையிருந்தே கொண்டுபோங்கோ."

"தாராளமா, மேடம். எத்தனை மணிக்கு வரணும்?"

இவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. "ஆர் வலிக்கிறது?" என்றார்.

"ஏரிக்குப் போனாலும் பரவாயில்லை. நான்தான்."

வள்ளத்தை வாங்கினவரிடம் ஒப்படைக்கப் போகிறோம் என்று மட்டும் மகளுக்குச் சொன்னோம். அதில் பொய் இல்லை.

அது போன கார்த்திகை. இலையெல்லாம் கொட்டி, ஆறு வெளிறிய பச்சையில் கிடந்தது. அவர் முன் இருக்கையில், என்னுடைய இடத்தில் உட்கார்ந்தார். கால்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு முறை மாற்றி வைத்தார். பிளக்குகளை விட்டோம். நான் வலித்தேன். அவர் சொன்னது சொன்னபடி நடந்தது. ஒன்று, அதிகமாக வலித்து வள்ளம் மேலே ஏறும், அல்லது கை தளர்ந்து வள்ளம் பிளக்குகளைத் துரத்திக்கொண்டு இறங்கும். நூல் தொய்ந்தால் பிளக் செத்து மிதக்கும். உயிரோடிருந்தால் தடி நுனி விடாமல் துடிக்கும். அதைப் பார்த்துத்தான் வலிக்க வேண்டும்.

"நில்லும். நில்லும். இப்ப விடும். கொஞ்சம்."

"வாத்தியார் வேலை வேண்டாம். மீனைப் பாருங்கோ."

முதல் மடுவில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் ஒரு கல்லில் உரசி, அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். மதியமளவில்தான் அந்தத் துடிப்பு என் கைக்குள் வந்தது. வலித்துப் பிடித்து, ஒரு மூச்சு விட்டு, மறுபடி பிடிக்க, வள்ளம் கிடந்த இடத்திலேயே கிடந்து மெல்ல வழுக்கியது. அவர் பேசுவதை நிறுத்திவிட்டார். அதுதான் எனக்குக் கிடைத்த பாராட்டு. ஆனால் மீன் இல்லை. மடுவுக்கு மேல் மடு கழிந்தது. கீழ்த்துறைக்கு முன்னால் வரும் பாலம் தெரிந்தபோது அவருடைய போன் அடித்தது. "சார், நான் வந்துட்டேன். மெதுவா வாங்க."

கடைசி மடு. என் இரண்டு தோளும் நெருப்பாக எரிந்தன.

"சரி, விடும். கரைக்குப் போவம்" என்றார்.

எனக்கு வந்த கோபம் அவர்மேல் வந்ததல்ல. அந்தப் பாலத்தின் மேல், அந்த டிரைவ்வேயின் மேல், வழுக்கிய படியின் மேல் வந்தது. "வாயை மூடிக்கொண்டு முன்னுக்குப் பாருங்கோ!" என்று கத்தினேன். கால்களை உதைத்துப் பிடித்து, வள்ளத்தை அந்த மடுவின் கடைசி விளிம்புவரை அரிசி பொறுக்குவதுபோல இறக்கினேன். தடி நுனிகள் துடித்தன. துடித்தன. ஒன்று சட்டென்று நின்றது. ஒரு தட்டு. பிறகு தடி அப்படியே மடங்கித் தண்ணீரைத் தொட்டது.

அவர் தடியை எடுக்கவில்லை. இரண்டு முஷ்டியையும் மூடி, முழங்கையை மடக்கி, வெறும் காற்றைப் பின்னுக்கு வலித்தார். இத்தனை வருடத்துப் பழக்கம். இல்லாத துடுப்பை அவர் வலிக்க, இருக்கிற துடுப்பை நான் வலித்தேன். ஊசி ஏறியது. அப்போதும் அவர் தடியை விட்டுவிட்டு என்னைத்தான் திரும்பிப் பார்த்தார், நான் எடுப்பேன் என்று.

"எடுங்கோ! அது உங்கடை மீன்! எடுங்கோ!"

எடுத்தார். தடியின் அடியை வயிற்றில் குத்தி, இடது கையால் பிடித்து, முடியாத கையால் ரீலைச் சுற்றினார். மீன் ஒரு முறை முழு உடம்போடு மேலே எழும்பி விழுந்தது. ரீல் கத்தியது. அவர் "ஐயோ" என்றார், சின்னப் பிள்ளைபோல. நான் வள்ளத்தை ஓரத்து அமைதித் தண்ணீருக்குள் கொண்டுபோய் நங்கூரத்தைப் போட்டேன். கைவலையோடு முன்னுக்குப் போய் மீனைக் கோலி அள்ளியபோது என் கண் கலங்கி ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. பெரிய மீன்தான். கன்னம் சிவந்து, பக்கம் முழுக்க வெள்ளி.

போனை எடுத்தேன். "தூக்கிப் பிடியுங்கோ, படம் எடுப்பம்."

அவர் தலையை ஆட்டினார். கையுறையைக் கழற்றி, ஐஸ் தண்ணீரில் கையை வைத்து, அதன் வயிற்றைத் தாங்கியபடி கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிளக்கைக் கழற்றினார். கையைத் திறந்தார். அது அவசரப்படாமல் போனது.

நான் பின்னுக்கு வந்து துடுப்பின் முன் உட்கார்ந்தேன். அவர் ஆற்றைப் பார்த்தபடி இருந்தார். என்னிடம் அவருடைய முதுகு மட்டும்தான் இருந்தது. அது ஏறி ஏறி இறங்கியது. அழுகிறாரா, மூச்சு வாங்குகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. பாலத்துக்கு அப்பால் அந்தத் தம்பி ட்ரெய்லரைத் தண்ணீருக்குள் இறக்குவது தெரிந்தது.

திரும்பாமலே கேட்டார். "இஞ்சேரும். உமக்கு ஒவ்வொரு முறையும் இப்பிடித்தானோ இருந்தது?"

"ஓம்," என்றேன். "ஒவ்வொரு முறையும்."

நான் நங்கூரத்தைத் தூக்கினேன். வள்ளம் அசையத் தொடங்கிய பிறகுதான் அவர் வாய் திறந்தார்.

"அப்ப எனக்கு அது காணும்."