எந்தப் பக்கம் ரத்தம்?

1. கரண்ட் போன நேரம்

ஏசி நின்ற சத்தம்தான் முதலில் கேட்டது. பிறகு ஸ்கேன் மெஷினின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. என் மேஜை மேல் இருந்த கம்ப்யூட்டர் மட்டும் யுபிஎஸ் தயவில் ஓடிக்கொண்டிருந்தது. திரையில், பாதி வந்த கோப்பு ஒன்று அப்படியே நின்றுவிட்டது.

இரண்டாயிரங்களின் நடுவில், காரைக்காலில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஸ்கேன் பிரிவில் எனக்கு வேலை. டாக்டரும் இல்லை, டெக்னீஷியனும் இல்லை. கம்ப்யூட்டர் பார்க்கிற பெண். திருநள்ளாற்றுக்குப் பக்கத்து ஊரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். சனிக்கிழமை என்றால் கோயிலுக்கு வந்த கூட்டத்தில் நின்றுகொண்டேதான் வர வேண்டும்.

எங்கள் சி.டி. ஸ்கேன் மெஷின் வெளிநாட்டில் ஓடித் தேய்ந்து, செகண்ட் ஹேண்டாக எங்களிடம் வந்தது. படத்தைப் பார்த்து ரிப்போர்ட் சொல்ல ஊரில் ஆள் கிடையாது. புதுச்சேரியில் ஒரு டாக்டரம்மா இருந்தார். மெஷின் தரும் கோப்பை என் புரோகிராம் படித்து, படங்களாகப் பிரித்து, இன்டர்நெட்டில் அவருக்கு அனுப்பும். அவர் பார்த்துவிட்டுப் போனில் சொல்வார்.

அன்று முற்பகலில் மண்டபத்தூரிலிருந்து ஒரு மீனவரைத் தூக்கி வந்தார்கள். பெயர் செல்வமணி. கரைக்கு வரும்போது ஃபைபர் போட்டை அலை புரட்டிப்போட்டதில், அதன் விளிம்பு தலையில் அடித்திருந்தது. இடது காதுக்கு மேலே பெரிய வீக்கம். வந்தபோது பெயர் கேட்டால் சொன்னார். ஸ்கேன் எடுத்து வெளியே கொண்டுவந்தபோது, கேட்டால் முனகினார். சர்ஜன் அவரை ஆபரேஷன் தியேட்டர் வாசலுக்குக் கொண்டுபோகச் சொன்னார்.

படம் எடுத்து முடிந்திருந்தது. கோப்பு என் கம்ப்யூட்டருக்கு வந்துகொண்டிருந்தபோதுதான் கரண்ட் போனது. ஜெனரேட்டர் தியேட்டரையும் விளக்குகளையும் மட்டும் ஓட வைத்தது; என் மேஜைக்கு அதன் இணைப்பு கிடையாது. ஸ்கேன் மெஷினைத் தாங்கும் சக்தி அதற்கில்லை. துணை மின்நிலையத்திலேயே கோளாறு என்று போனில் சொன்னார்கள். கரண்ட் வந்தாலும் அந்தக் கிழட்டு மெஷின் சூடாகித் தயாராக வெகுநேரம் பிடிக்கும்.

சர்ஜன் கதவைத் திறந்து தலையை நீட்டினார். "படம் வந்துச்சா?"

"பாதிதான் வந்துருக்கு சார்."

"பாதியாவது திறக்குதா பாரு. தஞ்சாவூர் போறதுக்குள்ள ஆளு தாங்காது. இங்கேயே மண்டையில ஓட்டை போட்டு ரத்தத்தை எடுத்தாகணும். எங்க போடுறதுன்னு தெரியணும்."

2. இட்டரேட்டர்

படம் பார்க்கும் வழக்கமான வியூவர் அந்தக் கோப்பைத் திறக்க மறுத்துவிட்டது. 'கோப்பு முழுமையாக இல்லை' என்று ஒரு பெட்டி வந்தது, அவ்வளவுதான். நான் எழுதிய புரோகிராம் திறந்தது. அது ஏன் திறந்தது என்பதை, இதைப் படிக்கும் இளம் புரோகிராமர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

ஸ்கேன் கோப்பு என்பது பைனரி, வெறும் எண்களின் வரிசை. வரிசையாக டேக்குகள். ஒவ்வொரு டேக்கிலும் மூன்று பங்கு: இது என்ன என்று சொல்லும் எண், எத்தனை பைட் நீளம், பிறகு அந்த நீளத்துக்கு மதிப்பு. நோயாளி பெயர் ஒரு டேக், வயது ஒரு டேக், படம் ஒரு டேக். நீளத்தைப் படித்தால்தான் அடுத்த டேக் எங்கே தொடங்குகிறது என்று தெரியும்.

ஆரம்பத்தில் முழுக் கோப்பையும் மெமரியில் ஏற்றித்தான் படித்தேன். எங்கள் கம்ப்யூட்டர் திணறி நின்றுவிடும். அதனால் அதை ஒரு இட்டரேட்டராக மாற்றினேன். 'அடுத்தது' என்று கேட்டால் ஒரே ஒரு டேக்கைப் படித்துக் கையில் கொடுக்கும். அடுத்து கேட்கும்வரை சும்மா இருக்கும். கோப்பு வரவரப் படிக்கலாம். பாதியில் அறுந்தாலும் அதுவரை படித்தது கையில் இருக்கும். அன்றைக்கு அப்படித்தான் தலையின் அடிப்பகுதியிலிருந்து பாதி உயரம்வரை உள்ள ஸ்லைஸ்கள், அதாவது குறுக்குவெட்டுப் படங்கள், கிடைத்தன.

இதில் ஒரு பயம் எப்போதும் உண்டு. நீளத்தை ஒரு பைட் தப்பாகப் படித்தால் அதற்கப்புறம் வருவதெல்லாம் தப்பு. எங்கள் மெஷின் தன் சொந்த உபயோகத்துக்கென்று சில டேக்குகளை எழுதும். அவற்றில் நீளம் சில சமயம் பொய்யாக இருக்கும். அங்கே புரோகிராம் தடுக்கி விழாமல் இருக்க நான் ஒரு வழி செய்திருந்தேன். தடம் தவறினால், தனக்குத் தெரிந்த டேக் எண் ஒன்று கண்ணில் படும்வரை பைட் பைட்டாகத் தேடிப்போய் அங்கிருந்து தொடரும். மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடியது. எல்லோரும் பாராட்டினார்கள்.

3. உடைந்த கோப்பு

ஸ்லைஸ்களை அனுப்பிய சற்று நேரத்தில் புதுச்சேரியிலிருந்து போன் வந்தது. சர்ஜனும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"ரத்தம் இருக்கு. நிறைய இருக்கு, மூளையை ஒரு பக்கமா தள்ளுது" என்றார் டாக்டரம்மா. "படத்துப்படி ஆளோட வலது பக்கம். அடி எங்க பட்டுச்சு?"

"இடது பக்கம். வீக்கம் அங்கதான்" என்றார் சர்ஜன்.

சர்ஜன் திரையருகே குனிந்தார்.

"அடிபட்டதுக்கு எதிர்ப்பக்கம் ரத்தம் கட்டுறதும் உண்டு" என்றார் டாக்டரம்மா. "படமே திரும்பி வந்துருக்கறதும் உண்டு. வீக்கம் இருக்குற உயரத்து ஸ்லைஸ் எதுவும் இதுல இல்ல. உடைஞ்ச ஃபைல வச்சுக்கிட்டு நான் பக்கம் சொல்ல மாட்டேன் சார். கண்ணு எப்படி இருக்கு?"

"ரெண்டு பாப்பாவும் விரிய ஆரம்பிச்சிருச்சு. அதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியல."

பிறகு சர்ஜன் என் பக்கம் திரும்பினார். "ஏம்மா வசந்தி, உன் புரோகிராம்தானே படத்தைப் பிரிச்சுது? இது நேரா இருக்கா, திரும்பியிருக்கா?"

மெஷின் படத்தை இரண்டு விதமாக எழுதும். காலடியிலிருந்து பார்ப்பதுபோல் ஒன்று. தலை உச்சியிலிருந்து பார்ப்பதுபோல் இன்னொன்று. ஒன்றில் இடது என்பது மற்றொன்றில் வலது. எது என்று கோப்பின் தொடக்கத்தில் ஒரு டேக் சொல்லும். அதைப் படித்துத்தான் என் புரோகிராம் படத்தைச் சரியான பக்கமாகத் திருப்பி வைக்கும்.

இட்டரேட்டர் கடந்துவந்த ஒவ்வொரு டேக்கையும் பதிவில் எழுதி வைக்கும். அதைத் திறந்து மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்தேன். பெயர் சரி. வயது சரி. அப்புறம் மெஷினின் சொந்த டேக் ஒன்று. அதன் கீழே நானே எழுதிவைத்த சொற்கள்: 'தடம் தவறியது, தேடிப் பிடித்தது.' பிடித்தது எதை என்று பார்த்தேன். இடது, வலது சொல்லும் அந்த டேக்கைத்தான்.

அது உண்மையான டேக்காக இருக்கலாம். வேறு எதற்குள்ளோ அதே எண் போல் தெரிந்த வெறும் பைட்டுகளாகவும் இருக்கலாம். கோப்பைப் பார்த்து அதைச் சொல்ல வழியில்லை. யுபிஎஸ் விட்டுவிட்டுக் கத்த ஆரம்பித்திருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் அழுவது கேட்டது.

"தெரியல சார்" என்றேன்.

"தெரியலன்னா என்னம்மா அர்த்தம்? தப்பான பக்கம் திறந்தா செத்துருவாரும்மா!" அவர் கத்தினார். பிறகு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சரி. தெரியாததைத் தெரியும்னு சொல்லாம விட்டியே. வேற ஏதாவது தடயம் இருக்கா பாரு. நான் பத்து நிமிஷத்துக்கு மேல காத்திருக்க முடியாது." தியேட்டர் பக்கம் ஓடினார்.

4. காது

மறுபடி முதல் ஸ்லைஸிலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்தேன். எதைத் தேடுகிறேன் என்று எனக்கே தெரியாது. படம் எடுத்த டெக்னீஷியன் பாஸ்கர் அண்ணன் என் நாற்காலியின் பின்னால் நின்றார்.

அடியிலிருந்த ஸ்லைஸ்களில், தலையின் ஓரத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு பொட்டு, அதிலிருந்து நாலா பக்கமும் கதிர்கள்.

"இது என்னண்ணே?"

"மெட்டல். அந்தாளு காதுல கடுக்கன் போட்டிருந்தாரு. கழட்டப் பாத்தேன், வரல. அவசரத்துல அப்படியே எடுத்துட்டேன்."

"ரெண்டு காதுலயுமா?"

"ஒண்ணுலதான்."

"எந்தக் காது?"

வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார். "நான் தலைமாட்டுல நின்னேன் வசந்தி... வலதுன்னுதான் நெனைக்கிறேன்."

நினைப்பு போதாது. எழுந்து ஓடினேன்.

தியேட்டர் வாசலில் செல்வமணியை ஸ்ட்ரெச்சரில் கிடத்தியிருந்தார்கள். தலையைச் சுற்றிக் கட்டு. குனிந்து பார்த்தேன். வலது காதில் ஒன்றும் இல்லை. இடது காது கட்டுக்குள் மறைந்திருந்தது.

ஸ்ட்ரெச்சரின் கம்பியைப் பிடித்தபடி அவர் மனைவி நின்றிருந்தார். அஞ்சலை என்று பிறகு தெரிந்துகொண்டேன். புடவை இடுப்புவரை கடல் தண்ணீரில் நனைந்திருந்தது.

"இவரு காதுல கடுக்கன் இருந்துச்சாமே, அது எங்கங்க?"

"நர்ஸம்மா இப்பதாங்க வெட்டி எடுத்துக் குடுத்தாங்க." மூடியிருந்த கையை விரித்தார். உள்ளங்கையில் ரத்தம் ஒட்டிய சின்னத் தங்கம்.

"எந்தக் காதுல இருந்துச்சு? வாயால சொல்லாதீங்க, தொட்டுக் காட்டுங்க."

அவர் கை தயங்காமல் கணவரின் வலது காதைத் தொட்டது. "இதுலதாங்க. அந்தக் காது சின்ன வயசுலயே தூண்டி மாட்டிக் கிழிஞ்சு போச்சுங்க. அதுல ஒண்ணும் நிக்காது."

நர்ஸிடம் சொல்லி இடது பக்கக் கட்டை மெல்ல விலக்கிப் பார்த்தேன். வீங்கிய தோலுக்குக் கீழே, காதுமடல் இரண்டாகப் பிளந்து ஆறிப்போய்க் கிடந்தது. பழைய காயம். வலது காதில் கடுக்கன் இருந்த துளையில் புது ரத்தம் கசிந்திருந்தது.

"ஏங்க, தலையிலதானங்க அடி? நீங்க ஏன் காதைப் பாக்குறீங்க?" என்று கேட்டார் அஞ்சலை.

சர்ஜனைக் கூப்பிட்டேன். கையுறையோடு என் அறைக்கு ஓடிவந்தார். கடுக்கன் தெரிந்த ஸ்லைஸையும் ரத்தம் தெரிந்த ஸ்லைஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். படம் நேராக இருக்கிறதோ திரும்பியிருக்கிறதோ, இனி அது தேவையில்லை. இரண்டும் ஒரே பக்கத்தில் இருந்தன.

"கடுக்கன் வலது காதுல சார். நானே பாத்துட்டேன். ரத்தமும் அந்தப் பக்கம்தான்."

புதுச்சேரிக்குப் போன் போனது. டாக்டரம்மா படங்களை ஒன்றுக்கு இரண்டு முறை மாற்றி மாற்றிப் பார்ப்பது மவுஸ் சத்தத்திலேயே தெரிந்தது. "ஆமா. ஒரே பக்கம். இப்ப சொல்றேன் சார், வலது. வலது பக்கம் போங்க."

சர்ஜன் தியேட்டருக்குப் போன பிறகு யுபிஎஸ் ஒரு நீளமான கத்தலோடு நின்றது. திரை கறுத்தது.

அடுத்து வந்த நேரம்போல ஒரு நேரத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் அனுபவித்ததில்லை. அந்தக் கடுக்கனைத் தவிர வேறு ஏதாவது மெட்டல் இருந்திருந்தால்? கட்டில், கிளிப், ஏதோ ஒன்று? வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. பாஸ்கர் அண்ணன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

கடைசியில் சர்ஜன் வெளியே வந்தார். முகமூடியை இறக்கினார். அஞ்சலையிடம் பேசும் முன் என்னைப் பார்த்து ஒரே ஒரு சொல் சொன்னார்.

"இருந்துச்சு."



5. பிறகு

செல்வமணி பிழைத்தார். இடது கை வெகுநாள் சரியாக எழும்பவில்லை. கடலுக்குப் போவதை விட்டுவிட்டு மண்டபத்தூர் கரையில் மீன் ஏலம் விட ஆரம்பித்தார் என்று கேள்விப்பட்டேன்.

கரண்ட் வந்து, மெஷின் முழுக் கோப்பையும் மறுபடி அனுப்பியது. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல் அதைப் பைட் பைட்டாகப் படித்தேன். என் தேடல் பிடித்திருந்த டேக் செல்வமணியுடையதே அல்ல. மெஷினின் சொந்த டேக்குக்குள், அவருக்கு முந்தைய நோயாளியின் அமைப்பு ஒரு நகலாகக் கிடந்தது. அந்தப் பக்கக் குறியைத்தான் என் புரோகிராம் எடுத்து செல்வமணியின் தலைமேல் வைத்திருந்தது. இரண்டு பேருக்கும் பாஸ்கர் அண்ணனே படம் எடுத்ததால் அமைப்பு ஒன்றாக இருந்தது. படம் நேராக வந்தது. முந்தையவரை வேறு ஷிப்ட் ஆள் எடுத்திருந்தால், படம் திரும்பி, வீக்கம் இருந்த இடது பக்கமே ரத்தமும் தெரிந்திருக்கும். பார்ப்பவர் யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது.

சரியான விடைதான் வந்தது. ஆனால் தப்பான வழியில் வந்தது.

மறுநாள் அந்தத் தேடல் வரிகள் முழுவதையும் அழித்தேன். அதற்குப் பிறகு தடம் தவறினால் இட்டரேட்டர் எந்த இடத்தில், எந்த டேக்கில் என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். அதுவரை படித்ததைக் கொடுக்கும்; தெரியாததை இட்டுநிரப்பாது. மெஷினின் பொய் நீளங்களை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துக் கையால் சேர்க்க வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில்கூட போன் வரும். பஸ் பிடித்து வருவேன்.

மருத்துவமனை முதலாளி ஒருநாள் அலுத்துக்கொண்டார். "என்னம்மா, முன்னல்லாம் நல்லா ஓடிக்கிட்டிருந்துச்சு. இப்ப வாரத்துக்கு ரெண்டு தடவை நிக்குதே?"

"நிக்கட்டும் சார்" என்றேன். "நின்னா கூப்பிடுங்க. நான் வந்து பாக்குறேன்."