வாசலில் நின்ற லோடு ஆட்டோ

"தவிர்க்க முடியாத காரணத்தால் நேரில் வர இயலவில்லை. இனிய விழா வாழ்த்துகள்." கீழே ஒரு ரோஜாப்பூ.

இந்தச் செய்தி இந்த ஆண்டு குடியரசு தினத்தன்று, திங்கட்கிழமை காலை, என் மகன் ஜெபசிங்கின் கைபேசிக்கு வந்தது. நாட்குறிப்பைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். சபையில் சிலர் அது ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லி வருகிறார்கள். ஞாயிறு அல்ல. முதல் செய்தி வந்தபோது நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆராதனை தொடங்குவதற்குள் எங்கள் விசைத்தறி செட்டில் வேலை செய்கிற அத்தனை பேரிடமிருந்தும் அதே வரி, அதே ரோஜா வந்துவிட்டது. கைபேசியே இல்லாத வாட்ச்மேன்கூடப் பக்கத்து வீட்டுக்காரர் நம்பரிலிருந்து அனுப்பியிருந்தார்.

புதிய தறிகளைப் பிரதிஷ்டை செய்ய அன்று நன்றி ஆராதனை வைத்திருந்தோம். பந்தல் போட்டாயிற்று. போதகர் வந்தாயிற்று. அண்டா அண்டாவாக மட்டன் பிரியாணி. சாப்பிட ஆள் இல்லை.

பிரியமானவர்களே, அதன் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

செட்டைத் தொடங்கியவர் என் அப்பா. அவர் ஒரு வழக்கம் வைத்தார். தொழிலாளி வீட்டில் விசேஷம் என்றால் எங்கள் வீட்டிலிருந்து ஒருவர் போய்ப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். சாப்பிடாமல் திரும்பினால் போனதாகவே கணக்கில்லை. துக்கம் என்றால் தறியை நிறுத்திவிட்டுப் போக வேண்டும். அப்பாவுக்குப் பின் நானும் அப்படியே செய்தேன். தொழிலாளிகள் எங்களை விட்டுப் போனதில்லை. சர்க்கரை நோயும் என்னை விட்டுப் போனதில்லை.

போன ஆண்டு பொறுப்பு மகனிடம் வந்தது. கோயம்புத்தூரில் நிர்வாகம் படித்தவன். வந்த முதல் மாதமே என்னைப் பிடித்துக்கொண்டான்.

"ஏம்ப்பா, காதுகுத்து, சடங்கு, வளைகாப்புன்னு வருசத்துல பாதி நாளு எல போட்டே போவுதே! நாம தறி ஓட்டுதோமா, பந்தி ஓட்டுதோமா?"

"போவலன்னா தப்பா நெனப்பாவல்லா மக்கா."

"ஒருத்தரும் நெனைக்க மாட்டாவ. பணத்த போன்லயே அனுப்பிருவேன். கூடவே ஒரு வாழ்த்து. அதுவா போயிரும்."

அதுவாகத்தான் போயிற்று. அழைப்பு எந்த வீட்டிலிருந்து வந்தாலும் ரோஜா போனது. தறி மெக்கானிக் முருகையாவின் தாயார் காலமான தகவல் வந்த அன்றும் போனது: "இனிய விழா வாழ்த்துகள்."

அன்று நான் மதுரையில் கண் ஆபரேஷனுக்குப் படுத்திருந்தேன். திரும்பி வந்தபோது முருகையா என்னைக் கண்டதும் தறிக்குப் பின்னால் போய்க் குனிந்துகொண்டார். மாதக் கடைசியில் ராஜபாளையம் ரோட்டுப் புது செட்டுக்குப் போகப் போகிறார் என்று மட்டும் கேள்விப்பட்டேன். அவர் போனால் பாதிப் பேர் பின்னாலேயே போவார்கள். எங்கள் தறிகளின் குணம் அவருக்குத்தான் தெரியும். மூன்று தலைமுறையாக நடந்த செட் என் கண் முன்னால் நிற்கப் போகிறது. புதிதாக வைத்த லென்ஸ் வழியாக அதைத் தெளிவாகவே பார்த்தேன்.

இந்த நிலையில்தான் அந்தத் திங்கட்கிழமை. போதகர் காலி நாற்காலிகளுக்குச் சுருக்கமாகப் பிரசங்கம் செய்தார். நான் நூல் அறைக்குள் போய்ப் பாவு உருளைகளுக்கு நடுவே முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, அவங்களை இங்கே கொண்டுவாரும்" என்று அழுதேன். வேறு ஜெபம் வரவில்லை.

வெளியே வந்தேன். வாசலில் ஒரு லோடு ஆட்டோ நின்றது. யாரும் வரவில்லை.

ஜெபசிங் அண்டாவைப் பார்த்தான், ஆட்டோவைப் பார்த்தான். "வீணாப் போவுதுப்பா. ஏத்துங்க. வீடு வீடா குடுத்துட்டு வந்துருவோம். அரை மணி நேர வேலை" என்றான். நானும் பின்னால் அண்டாவைப் பிடித்துக்கொண்டு ஏறினேன்.

முதல் வீடு தறிக்கு நூல் தார் சுற்றுகிற மாரியம்மாளுடையது. அவர் வாசலை மறித்து நின்றார்.

"வாங்க தம்பி. பேத்தி காதுகுத்துக்கு ரோசாப்பூ அனுப்புனீங்க. அவ அதத் தலையில வைக்கணும்னு ஒரே அழுகை. போனத் தலையில வச்சா கட்டுவேன்?"

"தப்புதான்க்கா. பிரியாணி குடுத்துட்டுப் போலாம்னு..."

"குடுத்துட்டுப் போவ நீங்க என்ன ஓட்டலா? உள்ள வந்து இரிங்க."

இருந்தான். கூழ்வற்றலும் ரசமும் சோறும் வந்தன. அடுத்த வீட்டில் கேசரி. அதற்கடுத்த வீட்டில், விட்டுப்போன வளைகாப்புக்குப் பதிலாகப் புளிச்சோறு. சாப்பிடாமல் எழுந்தால் வந்ததாகக் கணக்கில்லை என்று எங்கள் அப்பாவின் சட்டத்தையே எடுத்துப் பேசினார்கள். பாக்கி வைத்த பந்தி முழுவதையும் மகன் ஒரே பகலில் அடைத்தான். நாலாவது வீட்டில் பெல்ட்டைத் தளர்த்தினான். ஆறாவது வீட்டில் கழற்றி என்னிடம் கொடுத்தான்.

கடைசியாக முருகையா வீடு. சுவரில் தாயார் படம், மாலையோடு. ஜெபசிங் செருப்பைக் கழற்றிவிட்டுப் படத்தின் முன் போய் நின்றான்.

"அண்ணாச்சி, நான் பாக்காமலே அனுப்பிட்டேன். ஆச்சி போனது எனக்கு மறுநாள்தான் தெரியும். அதுக்கப்புறமும் வர மொகமில்ல."

முருகையா வாசலில் நின்ற ஆட்டோவுக்குப் போய் அண்டா மூடியைத் தூக்கிப் பார்த்தார்.

"எங்கம்மைக்குப் பிரியாணின்னா உசுரு தம்பி. ஒரு கரண்டி அங்கன வையிங்க."

மகன் இலை போட்டு, எலும்பில்லாத கறியாகப் பார்த்து வைத்தான். முருகையா முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "மூணாம் நம்பர் தறி சத்தம் சரியில்ல. நாளைக்கு வந்து பாக்கேன்" என்றார். மறுநாளும் வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். இன்றும் எங்களோடுதான் இருக்கிறார்.

படத்துக்கு முன் படைத்ததில் நம் சபையின் உபதேசப்படி சிக்கல் உண்டா என்று போதகரிடம் கேட்டேன். அவர், "பிரியாணி மிச்சம் இருக்கா?" என்றார்.

அவர்களைக் கொண்டுவரும் என்று நான் கேட்டேன். ஆண்டவர் எங்களைக் கொண்டுபோனார். இப்போது எந்த அழைப்பு வந்தாலும் ஜெபசிங் தானே போகிறான், உட்கார்ந்து சாப்பிடுகிறான். அவனுக்கும் சர்க்கரை பரிசோதனை தொடங்கியாயிற்று. அதற்கும் ஸ்தோத்திரம். தொழிலோ குடும்பமோ ஆளில்லாமல் நிற்கிறது என்று கலங்குகிறவர்களே, நீங்களும் துணிந்து கேளுங்கள். பதில் எந்தத் திசையில் வர வேண்டும் என்பதை மட்டும் அவரிடமே விட்டுவிடுங்கள்.

ஒரே ஒரு விஷயம். அந்த ஆட்டோவை நானும் மகனும் அழைக்கவில்லை. டிரைவர் இசக்கியிடம் விசாரித்தேன். "ஒரு அக்கா மொத நாளே போன் பண்ணி வரச் சொன்னாவ. பேரு கேக்கல" என்றார். எங்களுக்கு ரோஜாக்கள் வந்ததோ மறுநாள் காலையில்தான். என் மனைவி கிரேஸிடம் கேட்டேன். "கர்த்தர் அனுப்பினாருன்னு எழுதுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். இந்தத் தகவல் இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.